கண்ணுப் பொட்டலம்

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு ஏலக்காய் ஆய்ந்தேன். போடியில் பெண்பிள்ளைகளுக்கு அதுதான் சோலி. மலையிலிருந்து இறங்கும் காயைக் கோடவுன் தரையில் கொட்டி, காம்பு கிள்ளி, பெரியது சின்னது பிரிக்க வேண்டும். அந்தத் தூசி எனக்கு ஆகவில்லை. முப்பது வயதுக்குள் இளைப்பு வந்தது. பேசாமல் வேலை செய்கிறவள் என்று நல்ல பெயர் இருந்தது. பேசினால் இருமல் வரும். இருமல் இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் பேக்கரி வைத்திருந்தார். தட்டுக் கழுவ ஆள் கேட்டார், போனேன். அங்கேயும் மைதாத் தூசி பறந்தது. ஆனால் அது என் நெஞ்சை ஒன்றும் செய்யவில்லை.

பிறந்தநாள் கேக்கின் மேல் பூ வைக்க, பாய் சீனிமாவு பிசைவார். சீனியைத் தூளாக்கிச் சலித்து, முட்டை வெள்ளைக்கருவும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிசைந்தால் சப்பாத்தி மாவு போல வரும். இப்போது அந்த மாதிரி ஒன்றை ஃபாண்டன்ட் என்று டப்பாவில் விற்கிறார்கள். ஒரு நாள் மிச்சமிருந்த உருண்டையில் கால், தலை எல்லாம் பிடித்துத் தொட்டி ஓரத்தில் வைத்தேன். பாய் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஆத்தா, இது என்ன?"

"ஆடு."

"ஆடுதானா?"

"ஆடுதான்."

"அப்பச் சரி. மூக்கைக் கொஞ்சம் குறைச்சிரு."

மூக்கைக் கிள்ளிக் குறைத்தேன். அன்றிலிருந்து கேக்குக்கு ஆடு, முயல், யானை செய்வதும் என் சோலி ஆனது. பாய் ஒன்றே ஒன்று சொன்னார், கண் வைக்கக் கூடாது என்று.

"எங்க மார்க்கத்துல உசிருள்ளதுக்கு உருவம் செய்யக் கூடாது ஆத்தா. கண்ணு இல்லைன்னா வெறும் சீனின்னு மனசைத் தேத்திக்கிருவேன். கண்ணு வச்சா மனசு கேக்காது."

நான் வைக்கவில்லை. பல மாதம் எங்கள் மிருகங்கள் கண்ணில்லாமலே விலைபோயின. யாரும் கேட்கவில்லை. வாங்கிப்போன உடனே வெட்டித் தின்றுவிடுவார்கள்.

முதலில் கேட்டவர் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் ஜீப் டிரைவர். முதலாளி மகளுக்குப் பிறந்தநாள், கேக்கில் ஐந்து மிருகம். எடுக்க வந்தவர் குனிந்து பார்த்தார்.

"பாய், எல்லாம் தூங்குதா?"

"இல்லண்ணே, முழிச்சுத்தான் இருக்கு."

"அப்பக் கண்ணு எங்க?"

"வைக்கிறதில்ல."

"மோளு இதைக் கண்டா கரையுமே." மலையிலேயே கிடந்து அவருக்கு மலையாளம் ஒட்டியிருந்தது. பிள்ளை அழும் என்கிறார். "கண்ணு கறுப்பா இருக்கணும்னு அம்மா சொல்லிவிட்ருக்காங்க. இப்பிடிக் கொண்டுபோனா என்னையத்தான் வைவாங்க. நீங்களே தின்னுங்க."

பாய் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, "மிருகச் சோலியே நமக்கு வேண்டாம்னு தோணுது ஆத்தா. பூவோட நிப்பாட்டிருவோம்" என்றார்.

பூவுக்கு அவர் ஒருவரே போதும். தட்டுக் கழுவ அவர் வீட்டம்மா போதும் என்று போன வாரமே பேச்சு வந்திருந்தது. எனக்கு மிச்சம் அந்தக் கோடவுன்தான். பாயைத் தவிர அயல் ஆண் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னேன்.

"கண்ணைத் தனியாப் பொட்டலம் கட்டித் தர்றேன். வீட்டுல அவுகளே வச்சுக்கிரட்டும்."

"கண்ணைப் பொட்டலமா?" என்றார் டிரைவர்.

கேக்கில் போட வைத்திருந்த ஏலக்காயில் ஒன்றை உரித்தேன். விதை நல்ல கறுப்பு. ஐந்து மிருகத்துக்குப் பத்து விதையைக் காகிதத்தில் வைத்தேன்.

பாய் தாடியைத் தடவினார். "ஏல விதை பலசரக்கு. பலசரக்கு விக்கிறதுல தப்பில்ல." கொஞ்சம் பொறுத்து, "கண்ணுக்குக் குழி போட்டுக் குடுப்பியோ?" என்றார்.

"போட மாட்டேன். ஈரத்தைத் தொட்டு அமுக்குனா ஒட்டிக்கிரும்."

"அப்பக் கட்டு."

டிரைவர் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டார். "பத்துக் கண்ணு நெஞ்சு மேல இருக்கு. இன்னிக்கு வளைவுல பாத்துத்தான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் போய்த் தட்டைக் கழுவினேன்.

அடுத்த வாரம் டிரைவர் வந்தார்.

"என்னாச்சுண்ணே?" என்றார் பாய்.

"கேக்கை ஒருத்தரும் சட்டை பண்ணல பாய். கண்ணு வைக்கிறதுக்குப் பிள்ளைகளுக்குள்ள அடிதடி. யானைக்கு நாலு. முயலுக்கு முதுகுல ஒண்ணு. பொறந்தநாள் பிள்ளைக்கு வைக்க மீதி இல்லாம அது அழுதுருச்சு."

பாயின் முகம் சுருங்கியது. "அழுதுருச்சா?"

"அழுதுச்சு. அதனால இந்தத் தடவை பொட்டலத்துல ஒரு பிடி போடணுமாம். இது பக்கத்து எஸ்டேட்டுக்கு. மானு அஞ்சு."

பாய் என்னைப் பார்த்தார்.

"செய்வியா ஆத்தா?"

"கொம்பு ஒடியும்."

"ஒடிஞ்சா?"

"ஒடிஞ்சாப் பொட்டை மானு."

பாய் சீனிச் சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு டிரைவரிடம் சொன்னார். "மானு அஞ்சு உண்டு. ஆணா பொட்டையாங்கிறது நம்ம கையில இல்லைன்னு சொல்லிருங்கண்ணே."