அக்காவுக்குக் கொண்டுபோன செய்தி

எழுபதுகளின் கடைசியில் நான் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அக்காவை ராசிபுரம் தாண்டி, நாமக்கல் போகிற வழியில் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன். பையில் ஒரு வார இதழும் கொஞ்சம் தட்டுவடையும் இருக்கும். ஆனால் அக்காவுக்கு வேண்டியது அதெல்லாம் இல்லை. நான் கொண்டுபோகும் பேச்சுதான் அவளுக்கு வேண்டும். கல்லூரியில் யாருக்கு யாரோடு ஆகாது, புதிதாக வந்த கணக்கு டீச்சர் எப்படிச் சிரிப்பாள், விடுதியில் என்ன குழம்பு என்று ஒன்றுவிடாமல் கேட்பாள். அம்மா போனபிறகு அடுப்படிக்கு ஆள் வேண்டும் என்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். நான் படித்தேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான் பார்த்தது கேட்டது எல்லாவற்றிலும் தன் பங்கை மட்டும் விடாமல் வாங்கிக்கொள்வாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, களத்தில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, வேறெதையோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"குளிக்கையில கைக்கு ஒண்ணு தட்டுப்படுது அம்மிணி. வலியெல்லாம் இல்ல. அதனாலதான் யாருகிட்டயும் சொல்லல."

மறுநாளே சேலத்துக்குக் கூட்டிவந்தேன். இங்கே பார்த்த டாக்டர் அதிகம் பேசவில்லை, மெட்ராசுக்கு எழுதிக்கொடுத்தார். புற்றுநோய் என்றார்கள். மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நெஞ்சில் கதிர் பாய்ச்சினார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்டு வைப்பது' என்பார்கள். மாமா மரவள்ளிக் கிழங்குக் காட்டை விட்டுவிட்டுத் தங்கமுடியாமல் வருவதும் போவதுமாக இருந்தார். நான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு இருந்தேன். டாக்டர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைத் தமிழாக்கி அவளிடம் சொல்வதுதான் அங்கே என் வேலை. கடைசியாக ஒருநாள், நோய் இப்போதைக்குத் தலைகாட்டவில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் அவர்களுக்குள்ள வார்த்தையைச் சொன்னார்கள். எனக்குச் சட்டென்று தமிழ் வரவில்லை.

"நோவு அடங்கியிருக்குதாம்கா."

"அடங்கிக் கெடக்குதா? அப்ப உங்க மாமனாட்டம்னு சொல்லு. எப்ப எந்திரிக்கும்னு தெரியாது" என்று அக்கா சிரித்தாள். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த பெண் டாக்டர் ஒருவர்தான் பிறகு என்னைத் தேடினார். எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராசில் பெரிய புற்றுநோய் மருத்துவ மாநாடு ஒன்று நடக்க இருந்தது. பல நாடுகளிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு நாளும் பிற்பகலில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்து, அன்றைக்குச் சொல்லப்பட்ட புதிய ஆய்வுகளை விளக்குவார்கள். தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் புரிகிறமாதிரி எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். "உங்க அக்காவுக்குச் சொன்ன மாதிரி சொன்னால் போதும்" என்று கூப்பிட்டார்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு நோய் திரும்ப வந்திருந்தது. கழுத்தோரம் கட்டி தெரிந்தது. களைப்பு அதிகமாகி, பாதி நாள் கட்டிலிலேயே இருந்தாள். நான் போகவில்லை என்று சொன்னேன்.

"போயிட்டு வா" என்றாள். "அத்தன டாக்டருங்க ஒரே எடத்துல கூடறாங்கன்னா என்னதான் பேசுவாங்க? எனக்குத் தெரிய வேண்டாமா? நீ போனாத்தான அதையெல்லாம் எனக்குச் சொல்லுவ."

போனேன்.

கூட்டம் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. குளிரூட்டிய அறை. நீள மேசைக்குப் பின்னால் டாக்டர்கள், ஓரத்தில் நான். எதிரில் நாற்காலிகளில் பத்திரிகைக்காரர்கள். முதல்நாள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு, முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். மொழி தானாக இளகியது. புகையிலை, வாய்ப்புண், கர்ப்பப்பை என்று ஒவ்வொருவராகச் சொன்னதை நானும் சொல்லிவந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளை, நிருபர்களில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். பிஸ்கட் தட்டு வந்தால் மட்டும் அறையில் அசைவு தெரியும். நான் அந்த நாற்காலியைப் பார்த்தே பேசினேன்.

கடைசி நாள் பேசியவர் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் டாக்டர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மார்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து, பிறகு திரும்ப வந்த கட்டிகளுக்கு ஒரு புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்ததாகவும், சிலருக்கு அது சுருங்கியதாகவும் சொன்னார். 'சிலருக்கு' என்பதை அழுத்திச் சொன்னார். நானும் அழுத்திச் சொன்னேன். அறை விழித்துக்கொண்டது. எல்லாப் பேனாக்களும் ஓடின. நான் மேசைக்கடியில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தேன். அக்காவின் கழுத்து கண்முன்னால் நின்றது.

தமிழ் நிருபர் ஒருவர் எழுந்தார். "இந்த மருந்து நம்ம ஊருக்கு எப்போ வரும்னு கேளுங்கம்மா."

கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். ஆய்வு முடியவேண்டும், நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும், பல வருடங்கள் ஆகலாம். இன்று நோயோடு காத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இது வந்து சேராது, அதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது என்றார்.

ஆங்கிலத்தில் கேட்டு முடித்து, தமிழில் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளி தீரும்வரை, அந்த அறையில் பலருக்கும் அது இன்னும் சொல்லப்படாத செய்தி. நான் தண்ணீர் குடித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. ஆனால் அந்த முன்வரிசை நாற்காலிப் பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை.

கூட்டம் கலைந்தபின் அந்த டாக்டர் என்னிடம் வந்து, தான் வேகமாகப் பேசிவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று சொன்னேன். என்ன வயது, எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிடும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் சேலம் வந்து, விடிந்ததும் பஸ் பிடித்து ஊரில் இறங்கினேன். நிறுத்தத்தில் மாமா நின்றிருந்தார். எனக்காக அவர் அங்கே வந்து நின்றதே இல்லை. கையில் பத்திரிகையைச் சுருட்டி வைத்திருந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"டீக்கடைல பாத்தேன் அம்மிணி. நீ பேசுன கூட்டந்தான இது? மருந்து கண்டுபுடிச்சுட்டாங்களாமே!" பத்திரிகையை விரித்துக் காட்டினார். புற்றுநோய்க்கு மருந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் சொன்ன மற்றது எல்லாம் கீழே பொடி எழுத்தில், கடைசிப் பத்தியில் இருந்தது. "எப்ப மெட்ராசுக்குப் போகோணும்? கெழங்கு வெட்டு கெடக்கட்டும். நாளைக்கேன்னாலும் கெளம்பிரலாம்."

அத்தனை வருடத்தில் மாமா என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. கிழங்குக் காட்டு வரப்பில் நடந்துகொண்டே நான் சொன்னேன்.

"இல்லீங்க மாமா. அது இன்னும் வரலீங்க. வர்றதுக்குப் பல வருசம் ஆகுமுங்க."

அவர் நின்றுவிட்டார். பக்கத்து ஜவ்வரிசி ஆலையிலிருந்து புளித்த மாவு வாடை அடித்தது. தலைக்குமேல் வளர்ந்திருந்த குச்சிக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே, பத்திரிகையை மடித்து, மடித்ததையே மறுபடி மடித்தார்.

"அவகிட்டப் படிச்சுக் காட்டிப்போட்டனே" என்றார்.

அக்கா வாசலில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பூ வைத்திருந்தாள். மாமா எங்களிடம் வராமல் மாட்டுப் பக்கம் போய்விட்டார். நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றுவதில் நேரம் கடத்தினேன்.

"வா, வந்து உக்காரு. அங்க எப்புடிப் பேசுன, அதே மாதிரி பேசிக்காட்டு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"நான் பாக்கோணும். அந்த டாக்டரம்மா எங்க உக்காந்திருந்தாங்க, நீ எங்க, பேப்பர்காரங்க எங்க? எல்லாஞ் சொல்லு."

அக்கா கேட்டால் மறுக்கத் தெரியாது எனக்கு. அம்மிக்கல் பக்கம் டாக்டர் என்றேன், தண்ணீர்த் தொட்டி ஓரம் நான். கூட்டத்தை முழுசாக நடத்திக் காட்டினேன். தூங்கிய நிருபரையும் பிஸ்கட் தட்டையும் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். புதிய மருந்து, மறுபடி வந்த கட்டி, சிலருக்குச் சுருங்கியது என்று சொல்லிக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நின்றேன். அக்கா காத்திருந்தாள். பிறகு, பத்திரிகைக்காரர்போலக் கையைத் தூக்கினாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, அந்த மருந்து எங்க ஊருக்கு எப்பங்க வரும்?"

குரலில் விளையாட்டு இருந்தது. கண்ணில் இல்லை. எனக்கு மறுபடியும் அந்த இடைவெளி வந்தது. இந்தத் தடவை குடிக்கத் தண்ணீர் இல்லை.

"பல வருசம் ஆகுமுங்க" என்றேன். "இப்பக் காத்துட்டு இருக்கறவங்களுக்கு வந்து சேராதுங்க. அதச் சொல்ல நெம்ப வருத்தமா இருக்குதுங்க."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அக்கா கையை இறக்கினாள். கொஞ்ச நேரம் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டி, ஏற்கெனவே போட்டிருந்த தீவனத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"பேப்பர்ல அத்தாம் பெருசாப் போட்டிருந்தப்பவே எனக்குச் சந்தேகந்தான்" என்றாள். "வந்து உக்காரு அம்மிணி. அழுவாத. அங்க அத்தன பேரு முன்னாடியும் இப்புடித்தான் அழுதியா?"

"இல்லக்கா."

"அதான பாத்தேன்." என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சற்றுக் கழித்து, கொட்டகைக்கு எட்டும்படி மாமாவைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, புள்ள காலங்காத்தால வந்திருக்கறா, இன்னும் ஒண்ணும் திங்கல. மாவு இருக்குது, அடுப்பப் பத்த வையுங்க."

அன்று மாமா தோசை வார்த்தார். எல்லாம் பிய்ந்து வந்தது. அக்கா இரண்டு சாப்பிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் அவ்வளவு சாப்பிடவே இல்லை என்று மாமா அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அதன்பிறகு அக்கா ஒரு கிழங்கு வெட்டைப் பார்த்தாள். அடுத்த வெட்டுக்கு முன்னால், ஆடிக் காற்று புழுதி கிளப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் போய்விட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். கடைசி மாதங்களில் வலி தெரியாமல் இருக்க டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை.

மாநாட்டுக்கு என்னை மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுக்க நினைத்தேன், மறுக்கவில்லை. அந்த மேசையோரத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் அவள் எனக்குக் கிட்டத்தில் இருந்தாள். ஒவ்வொரு புதுச் சொல்லையும் தமிழாக்குவதற்கு முன், அக்காவிடம் இதை எப்படிச் சொல்வேன் என்றுதான் யோசிப்பேன். என் தமிழ் எளிமையாக இருப்பதாக நிருபர்கள் பாராட்டினார்கள்.

எண்பதுகளின் முடிவில் ஒரு கூட்டத்தில், மெட்ராஸ் டாக்டர் ஒருவர் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். அந்தப் பெண் டாக்டர் அன்று சொன்ன மருந்து இப்போது வந்துவிட்டது, சேலம் மாதிரி ஊர்களிலும் கொடுக்கிறார்கள், சிலருக்குச் சில வருடங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. நான் தமிழில் சொன்னேன். ஒருவரும் எழுதவில்லை. அவர்களுக்கு அது பழைய சங்கதி. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை சேலத்தில் ரயிலை விட்டு இறங்கியவள், விடுதிக்குப் போகாமல் ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்பதே புரிந்தது. ஊரில் இறங்கி வீட்டுக்குப் போனேன். மாமா காட்டிலிருந்து வந்து, என்னைப் பார்த்துத் திகைத்து, "வா அம்மிணி" என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. டீ போட்டுக் கொடுத்தார். மருந்து வந்துவிட்டதை அவரிடம் சொன்னேன்.

"வந்துருச்சா?" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செரி. இனி யாருக்காச்சும் ஆகும்." பிறகு, மோட்டாரை நிறுத்தவேண்டும் என்று எழுந்து போனார்.

நான் வாசலிலேயே இருந்தேன். தூரத்தில் ஆலைக் களத்தில் பெண்கள் மாவைக் காயப்போட்டபடி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குரல் அவளுடையதைப்போலவே இருந்தது. இல்லை என்று தெரிந்தும், காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். சொல்வதற்கு என்னிடம் அன்று எவ்வளவோ இருந்தது. மாமா திரும்பி வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லும்வரை நான் எழுந்திருக்கவில்லை.