நான் மினுக்கிய மண்சட்டி

ஐம்பதுகளின் நடுவில், வட்டக்கச்சியில் காடு வெட்டிக் காணி கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். இது நடந்தது வந்து மூன்றாவது வருடம், மாரி தொடங்குவதற்குச் சற்று முன்பு. என் கணவர் வளவில் தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி எதிலோ பட்டது. தோண்டிப் பார்த்தால் ஒரு சிறிய தாழி. உள்ளே மண்ணும் சில எலும்புகளும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி, உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு, ஒரு கீறல்கூட இல்லை.

அவர் பயந்துபோய்த் தாழியை மண் போட்டு மூடிவிட்டார். சட்டியையும் உள்ளே போடச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவ்வளவு வடிவான சட்டியை எப்படி மண்ணுக்குள் போடுவது? துப்புரவில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு. கரி பிடித்த பானையை என் குசினியில் யாரும் கண்டதில்லை. சட்டிக்குள் கட்டிபட்டுக் கிடந்ததைச் சுரண்டி வாழையடியில் கொட்டினேன். சாம்பலும் தும்பும் போட்டுப் பளபளவென்று வரும்வரை தேய்த்தேன். செத்தவர்களின் பொருள் குசினிக்குள் வரக்கூடாது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதால் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தேன்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. இரண்டு மூன்று மழை பெய்து முடிந்த பிறகு, கொழும்பிலிருந்து தொல்பொருள் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். என்னைவிட இளையவர். தாழியைத் திறந்து, தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி அரை நாள் குந்தியிருந்தார். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார். அந்த மனிதர்கள் எதையும் எழுதிவைக்கவில்லையாம், இறந்தவர்களோடு எதை வைத்தார்கள் என்பதிலிருந்துதான் அவர்கள் வாழ்ந்த விதத்தை அறியவேண்டுமாம். பிறகு பல்லைப் பார்த்துவிட்டு, இது ஐந்து வயதுக்குள் இறந்த பிள்ளை என்றார்.

அடுத்து சட்டியை எடுத்து உள்ளே பார்த்தார்.

"அக்கா, இதுக்குள்ளை ஏதும் கிடந்ததோ?"

"ஓம், உமி மாதிரிக் கறுத்த மண் கொஞ்சம் கிடந்தது. நான் நல்லாய் மினுக்கிப்போட்டன்." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. அது பிள்ளைக்கு வைத்த சாப்பாடாக இருந்திருக்கும் என்றும், ஒரு தானிய மணி கிடைத்திருந்தாலும் அவர்கள் வயல் விதைத்தவர்களா, காட்டில் பொறுக்கிச் சாப்பிட்டவர்களா என்று சொல்லியிருக்கலாம் என்றும் மெல்லச் சொன்னார்.

நாங்கள் குடியேறிய முதல் வருடமே என் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. கடைசி மூன்று நாளும் தயிர் விட்ட பழஞ்சோறு கேட்டாள். பரியாரியார் பத்தியம் சொல்லியிருந்தார். காய்ச்சல் விட்டதும் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நான் கொடுக்கவில்லை. காய்ச்சல் விடவேயில்லை. என் பிள்ளைக்குக் கொடுக்காதவள், வேறொரு தாய் தன் பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போனதையும் சுரண்டிக் கொட்டியிருக்கிறேன்.

சுளகையும் அரிதட்டையும் எடுத்துக்கொண்டு வாழையடிக்கு ஓடினேன். உத்தியோகத்தரும் வந்து என்னோடு குந்தினார். பொழுது சாயும்வரை மண்ணை அரித்தோம். கோழிகள் கிளறி, மழை கழுவிய இடத்தில் என்ன இருக்கும்? ஒன்றும் அகப்படவில்லை.

அவர் புறப்படும்போது ஒன்று மட்டும் கேட்டேன்.

"அவை சின்னப் பிள்ளையளுக்கும் இப்பிடி எல்லாம் செய்தவையோ?"

"ஓம் அக்கா. சின்னன் எண்டு விடேல்லை. பெரிய ஆக்களுக்குச் செய்த மாதிரியே செய்திருக்கினம்."

சட்டியை அவர் கொண்டுபோய்விட்டார். அந்த வருடத்திலிருந்து மகளின் நினைவு நாளில் இரண்டு இலை போடுகிறேன். ஒன்றில் தயிரும் பழஞ்சோறும். மற்றதில் எதைப் படைப்பது என்று ஒவ்வொரு முறையும் தெரியாமல் நிற்பேன். அந்தத் தாயோடு ஒரு நிமிடம் கதைக்கக் கிடைத்தால், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். உன் பிள்ளை எதை விரும்பிச் சாப்பிட்டது என்று மட்டும்தான் கேட்பேன்.