செல்வண்ணன் நிழலில் உலர்த்தியது

கிடங்குக்கு எதிரே சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஆலுவாவிலிருந்து செல்வண்ணனின் தங்கை அழைத்தாள். "அண்ணன் காலைல எந்திரிக்கவே இல்லக்கா" என்றாள். கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி முழுக்கச் செய்தி பரவ அதிக நேரம் ஆகவில்லை. "கஞ்சா செல்வன் மரிச்சு போயி" என்று பக்கத்து பெஞ்சிலேயே ஒருவர் சொன்னார். வாழ்நாளெல்லாம் சுக்குக் கிடங்கில் உழைத்த மனிதருக்கு ஊர் வைத்த பட்டம் அது. அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு படிக்கட்டும்.

அவர் சுக்கு காய்ந்த பதம் பார்ப்பவர். நான் தரம் பிரிப்பவள். இரண்டு குடும்பமும் தேனிப் பக்கம். இங்கே அடுத்தடுத்த வீடு. அவர் மனைவி மேரியக்காவுக்குப் புற்றுநோய் எலும்பில் இறங்கியிருந்தது. மருந்தில் வலி குறைந்தது. ஆனால் ஒரு வாய் சோறு வயிற்றில் தங்கவில்லை. கஞ்சா பசியைத் தூண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, செல்வண்ணன் மொட்டை மாடியில் பாகற்பந்தலுக்குப் பின்னால் கஞ்சாச் செடி வைத்தார். "அண்ணே, இது ஜெயிலு கேஸு" என்றேன். "தெரியும். அவ தட்டு அப்படியே இருக்கறது உனக்குத் தெரியலையா?" என்றார்.

முதல் அறுவடையைச் சுக்குக்காரராகவே கெடுத்தார். நல்ல வெயிலில் பரப்பி வைக்கோலாக்கினார். அடுத்ததை அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தார். மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. பிறகுதான் உள்ளறைக் கொடியில் தொங்கவிட்டு நிழலில் மெல்லக் காயவைத்தார். ஊறுகாய் பாட்டிலில் போட்டு, தினமும் மூடியைத் திறந்து ஈரம் போக விட்டார். "இஞ்சிக்கு வெயிலு அம்மா, இதுக்கு வெயிலு மாமியா" என்பார். அதைக் கொடுத்த அன்று மேரியக்கா கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் கேட்டுச் சாப்பிட்டார். செல்வண்ணன் அடுப்படியில் திரும்பி நின்று அழுததை நான் பார்த்தேன்.

அடுத்த அறுவடையின்போது எதிர்வீட்டில் வாடை என்று பேச்சு எழுந்தது. எல்லாவற்றையும் கிடங்குப் பரணில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார். "சுக்கு வாசத்துல பொணம் கெடந்தாலும் தெரியாது" என்றார். எங்களுக்கும் அதே நம்பிக்கைதான். பிறகு சரக்கு முழுவதும் வெலிங்டன் தீவுத் துறைமுகத்துக்கு ஏறியது. கிடங்கைக் கூட்டிப் பெருக்கினோம். சுக்கிலேயே ஊறிய எங்கள் மூக்குக்குச் சுக்கு வாசம் போனதும் தெரியவில்லை, வேறொரு வாசம் தனியாக நின்றதும் தெரியவில்லை. இடம் பார்க்க வந்த வெளியாள் வாசலிலேயே நின்றுவிட்டான். "எந்தா இவிடெ ஒரு மணம்?" என்றான். சாயங்காலத்துக்குள் எக்சைஸ் ஜீப் வந்தது. செல்வண்ணன் ஓடவில்லை. "என்றெ பார்யக்கு சோறு இறங்ஙானா, சாரே" என்று, மனைவிக்குச் சோறு இறங்கத்தான் என்பதை மட்டும் சொன்னார்.

ஜாமீன் கிடைப்பதற்குள் மேரியக்கா போய்விட்டார். அடக்கத்துக்குச் செல்வண்ணன் போலீசோடு வந்தார், போலீசோடு திரும்பினார். அவர் உள்ளே இருந்த நாட்களில் அக்காவுக்கு ஊட்டியவள் நான்தான். ஊட்டினேன் என்று சொல்வதே தப்பு. வாயருகே கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவர் நேராக என் வீட்டு வாசலில் நின்றார்.

"கடைசில ஏதாச்சும் சாப்பிட்டாளா?"

"இல்லண்ணே. தண்ணிகூடத் தங்கல."

அவர் படியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் 'அவ நல்லா சாப்பிட்டா, நிம்மதியா போனா'ன்னுதான் சொன்னாங்க. அது இல்லாமலே சாப்பிட்டான்னா நான் செஞ்சதெல்லாம் வெட்டி வேலைன்னு ஆயிடும்ல? நீயாவது உள்ளதச் சொன்னியே."

அதன் பிறகு அவர் கிடங்குப் பக்கம் வரவில்லை. ஆலுவாவில் தங்கை வீட்டில் இருந்தார், அவ்வளவுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வாசற்படிப் பேச்சு மட்டும்தான். நேற்று அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் கஷ்டப்படாமத்தான் போயிருக்கும், இல்லக்கா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். கையை விடாமல் அவளோடு உட்கார்ந்துகொண்டேன்.