செத்த காலேஜில் என் அம்மா படம்

எழும்பூர் மியூசியத்தை அம்பத்தூரில் அப்போதெல்லாம் யாரும் அந்தப் பெயரில் சொன்னதில்லை. செத்த காலேஜ் என்றால்தான் தெரியும். அங்கே நடந்த ஓவியக் கண்காட்சிக்கு என் படம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்று நடும்போது நிமிர்ந்து பார்க்கிற ஒரு பெண். என் அம்மா. எனக்கு ஏழு வயதிருக்கும்போதே போய்விட்டாள். போட்டோ என்று ஒன்று கிடையாது. மனதில் இருந்ததை வைத்துத்தான் வரைந்தேன்.

நான் படம் வரைவது நைனாவுக்கு அறவே பிடிக்காது. ஏர் பிடிக்கத் துப்பில்லாமல் சாயம் பூசிக்கொண்டு திரிகிறான் என்று வெள்ளானூர் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு. அம்மா படம் என்றதும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டார். ரயிலில் அவர் மடியில் ஒரு வாழையிலைப் பொட்டலம் இருந்தது. என்னவென்று நானும் கேட்கவில்லை, மடையன்.

பக்கத்துக் கூடத்தில் ஒரு புலவர் செய்யுளை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே கோட்டுப் போட்ட கனவான்களும் துரைசானிகளும். நைனா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மல்லிகை மாலை. எங்கள் பக்கத்தில் சுவரில் மாட்டுகிற படம் போய்ச் சேர்ந்தவர்களுடையதுதான். மாலை போட்டுக் கும்பிடாமல் நகரமாட்டார்கள்.

காவல்காரர் ஓடிவந்து நைனாவின் கையைத் தடுத்தார். கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. அவரை அங்கிருந்து கிளப்பினால் போதும் என்றிருந்தது.

"இது சும்மா படம் நைனா. யாரோ ஒரு பொம்பள. அம்மா இல்ல," என்றேன்.

என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். மாலையை அதே இலையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வில்லிவாக்கம் தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"நெசமா அவ இல்லியா? அவ மூஞ்சி எனக்கு மறந்து பூட்சிடா, எத்தினியோ வருசமா. இன்னிக்குத்தான் ஆப்ட்டுச்சுன்னு நெனச்சேன்."

பாவி நான். அவள்தான், சத்தியமாக அவள்தான் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சாகும்வரை அவர் நம்பவில்லை.