சாமித் தட்டில் இருந்த குளிசைகள்

எழுபதுகளில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒற்றைக் காம்பராவும் முன்னே திண்ணைபோல ஓர் இஸ்தோப்பும் கொண்ட எங்கள் வீட்டில், நான் பெரிய பிள்ளையாகி ஓராண்டு நிறைவதற்குள் லூபஸ் என்னும் நோய் என்னைப் பற்றியது. உடலைக் காக்க வேண்டிய சக்தியே உடலைத் தாக்கும் நோய் அது என்பதைப் பிற்காலத்தில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று நாங்கள் அறிந்தவை கன்னங்களில் படர்ந்த சிவப்பும், விரல் மூட்டுகளின் வீக்கமும், விட்டுவிட்டு வந்த காய்ச்சலுமே. மாதவிலக்கும் நிலைகுலைந்தது. சில மாதங்கள் வராமலே இருக்கும். வந்தால் நிற்காமல் நீளும்.

கண்டி ஆஸ்பத்திரியில் மாத்திரைகளை, எங்கள் பேச்சில் குளிசைகளை, ஒரு போத்தலில் தந்தார்கள். அம்மா அந்தப் போத்தலைச் சாமித் தட்டில், திருநீற்றுக் கிண்ணத்தின் அருகில் வைத்தார். கொழுந்து பறிக்கப் புறப்படுமுன் விளக்கேற்றி, எனக்குத் திருநீறு பூசி, குளிசையையும் தம் கையாலேயே தருவார். நான் தேறி வந்தேன். ஆயினும் விலக்கு வந்து போன பின்னரெல்லாம் காய்ச்சல் திரும்பியது, முகம் வீங்கியது.

கிளினிக்கில் என்னைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர். ஒரு நாள் என் சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார்.

"இப்பிடியே போனால் கிட்னி பழுதாப் போயிடும். குளிசை ஒழுங்காக் குடுக்கிறனீங்களோ, அம்மா?"

"ஒரு நாளும் தவறுனதில்லைங்க."

"பிறகேன் இப்பிடித் திரும்பத் திரும்ப வருது? பிள்ளை, நீர் சொல்லும். மாசச் சுகவீனம் வாற நாளிலையும் குடிக்கிறனீரோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவே விடை சொன்னார்.

"அது எப்புடிங்க? வீட்டுக்குத் தூரமா இருக்கையில சாமித் தட்டுல உள்ளத எடுத்துக் குடுப்பாங்களா?"

அம்மா பொய் சொல்லவில்லை. விலக்கான நாட்களில் நான் இஸ்தோப்பில் தனிப் பாயில் இருப்பேன். திருநீறும் இல்லை, குளிசையும் இல்லை. அம்மாவுக்கு அந்த நாட்கள் கணக்கிலேயே சேராதவை. உதிரப்போக்கு நீண்ட மாதங்களில் மருந்தும் அத்தனை காலம் நின்றுபோயிற்று.

டாக்டரம்மா சினந்துகொள்வார் என்று அஞ்சினேன். அவரோ கதிரையை அம்மாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தக் குளிசையைச் சட்டெண்டு நிப்பாட்டக் கூடாது, அம்மா. நீங்கள் தூரம் எண்டு சொன்னால் நோய் லீவு எடுக்காது."

அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பின்னால இவளுக்குப் புள்ளகுட்டி..."

"நோய் அடங்கினால் மாசச் சுகவீனமும் அநேகமா ஒழுங்குக்கு வரும். பிள்ளை பெறுறதைப் பிறகு ஆறுதலாக் கதைப்பம். முதல்ல இவள் இருக்க வேணுமே."

வீடு வந்ததும் அம்மா குளிசைகளை வேறொரு போத்தலில் கொட்டி, இஸ்தோப்பில் தொங்கிய என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தார். வெறும் போத்தலைச் சாமித் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"வெறும் போத்தல் எதுக்கும்மா?"

"இருக்கட்டும். சாமிக்கு என்ன, மூட்டு வலியா?"

வழக்கம் முற்றாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த விலக்கிலும் என் பாய் இஸ்தோப்பில்தான் விரிந்தது. காலையில் அம்மா தண்ணீரோடு வந்தார். தொடாமல் மேலிருந்து போடட்டும் என்று கைகளை ஏந்தினேன். அவர் என் வீங்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, குளிசையை என் வாயிலேயே இட்டார்.

வாசலில் காத்து நின்ற பக்கத்து வீட்டுச் சின்னம்மா அதைக் கண்டுவிட்டார். "என்னக்கா, தொட்டுட்டியே. குளிக்காமயா மலைக்கு வர்ற?"

"மருந்துக்கு ஏதுடி தீட்டு? கூடைய எடு, நேரமாச்சு."

அம்முறை காய்ச்சல் வரவில்லை. பின்னர் வந்த கிளினிக் நாள் ஒன்றில் டாக்டரம்மா குளிசையின் அளவையும் குறைத்தார். விலக்கு மட்டும் சீர்படுவதற்கு நெடுங்காலம் சென்றது. தொடர்ந்து சில மாதங்கள் அது தவறாமல் வந்து, நீளாமலும் நின்றபோது, அம்மா அச்செய்தியைச் சின்னம்மாவுக்கு இஸ்தோப்பில் நின்றே உரக்கச் சொன்னார். ஊரறியச் சொல்கிறாரே என்று நான் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.