ஜெனி வாங்கிய பத்துக்குப் பத்து

சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் இருந்த பேச்சுப் பயிற்சி சென்டரில் நான் பதினான்கு வருஷம் அட்டெண்டர். காது சரியாகக் கேட்காத பிள்ளைகள் வருவார்கள். பயிற்சி கொடுக்கும் மேடம் கேட்கிற பொம்மையை எடுத்துக் கொடுப்பது, காது மெஷினுக்கு பேட்டரி மாற்றுவது, இவைதான் என் வேலை. பேசக் கூச்சப்படுகிறவனுக்குத் தோதான வேலை.

ஒரு சனிக்கிழமை ஜெனியின் அம்மா ஊரப்பாக்கத்திலிருந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"திட்டினா சிரிக்கிறா மேடம். நேத்து பின்னாடி நின்னு கத்துறேன், 'ஜெனி, இங்க வா'ன்னு. இளிச்சிக்கிட்டு வந்து நிக்கிறா. ஓங்கி ஒண்ணு வெச்சிட்டேன். இவளுக்குக் கேக்கலையா, இல்ல கொழுப்பா? அத மட்டும் சொல்லுங்க."

ஜெனிக்கு ஆறு வயது. இரண்டு காதிலும் மெஷின். சொல்வது புரியும்.

மேடம் எம்பிராய்டரி வளையத்தை எடுத்தார். அதில் கறுப்புத் துணி கட்டியிருக்கும். அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசினால் பிள்ளை காதால் மட்டும்தான் கேட்க முடியும். நான் வழக்கம்போல மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று அட்டைகளை வைத்தேன்: சிரிக்கும் முகம், அழும் முகம், கோப முகம்.

"இங்க வா" என்பதையே மேடம் கோபமாகவும் அழுகையாகவும் சந்தோஷமாகவும் மாற்றி மாற்றிச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஜெனி என்னைப் பார்த்துவிட்டு அட்டையைத் தொட்டாள். என் மேல் பிரியம் போல என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பத்துக்குப் பத்து.

"நல்லாத்தான் கேக்குது," என்றார் மேடம்.

"அப்போ கொழுப்புதான்! வீட்டுக்கு வாடி, வெச்சிக்கிறேன்." அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

எதிர்ச் சுவரில் பயிற்சிக்கான கண்ணாடி உண்டு. தற்செயலாக அதைப் பார்த்தேன். அந்த அம்மாவின் குரலுக்கு என் புருவம் சுருங்கி, உதடு இறுகிக் கிடந்தது. மேடம் பேசும்போதும் இப்படித்தானே இருந்திருப்பேன்?

"மேடம்... பாப்பா என் மூஞ்சிய பாத்து சொல்லியிருக்கு."

"உங்க மூஞ்சியா? இத்தன வருஷத்துல அதுல ஒண்ணும் பாத்ததில்லையே சேகர் அண்ணா!" மேடம் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "பாப்பாவுக்குப் பின்னாடி போய் உக்காருங்க."

மறுபடியும் ஆட்டம். கோபக் குரல் வந்ததும் ஜெனி திரும்பி என்னைத் தேடினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சிரிக்கும் முகத்தைத் தொட்டாள். அழுகைக்கும் அதையேதான்.

மேடம் வளையத்தைக் கீழே வைத்தார். "வார்த்த கேக்குதும்மா. குரல்ல இருக்கிற கோவம் போய்ச் சேரல. பின்னாடியிருந்து கத்தினா, சும்மா கூப்பிடறீங்கன்னுதான் நெனச்சிருப்பா. மெஷின் செட்டிங்க பாக்கணும். பயிற்சியும் குடுப்போம்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ நேத்து எதுக்கு அடிச்சேன்னே இவளுக்குத் தெரியாதா மேடம்?"

ஜெனி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு அழும் முக அட்டையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

சென்டர் இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. டீக்கடை மட்டும் இருக்கிறது. பஸ்ஸில் போனால் அந்த மாடி ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். குரல் ஆட்டம் நடக்கும்போது பிள்ளைக்குப் பின்னால் உட்காருங்கள். மற்ற நேரமெல்லாம் முன்னால் வந்து பேசுங்கள்.