ஆன்சி தட்டிப் பார்த்த மட்டி

என் தங்கை ஆன்சி ராயபுரத்தில், மாதா கோயிலின் பின்தெருவில் தள்ளுவண்டியில் மட்டிச் சிப்பிக் கறி விற்கிறாள். பன்னிரண்டு பாகம், அதாவது எழுபது அடிக்கு மேல் ஆழத்திலிருந்து வலையில் ஏறும் மட்டி மட்டும்தான் வாங்குவாள். ஆறு மணி நேரம் கடல்நீரில் போட்டு மணலைக் கக்கவைப்பாள். பிறகு இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். உயிருள்ளது கல் போல ஒலிக்கும், செத்தது பொக்கையாக ஒலிக்கும். மட்டி வெந்த நீரை இரண்டு முறை துணியில் வடித்தால் மிளகு ரசம். சதையில் தேங்காய்ப்பால் விட்டால் தொக்கு. வெந்தும் வாயைத் திறக்காத மட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவாள். பதினொரு வருடத்தில் அவள் கறி தின்று ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை. அந்தப் பெயர்தான் அவள் பிழைப்பு.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. வண்டியில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. மட்டி கொண்டுவரும் ஃப்ரெடி இரண்டு கூடை இறக்கினான். ஆன்சி தட்டினாள். நான்காவது ஜோடியில் கை நின்றது. ஓட்டின் விளிம்பு கறுத்திருந்தது. ஆலைக்கழிவு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்று மட்டி.

"இன்னா ஃப்ரெடி, சேத்து மட்டிய கலந்துகினு வந்துகீற?"

"மசாலா போட்டா எல்லாம் ஒண்ணுதான். மூடிகினு வேவ வையி."

இரண்டு கூடையையும் நடுத்தெருவில் கவிழ்த்தாள். ஃப்ரெடி அவள் முடியைப் பிடித்து வண்டி விளிம்பில் முகத்தை மோதினான். முன்பல் ஒன்று தெறித்தது. தடுக்கப்போன என்னை வயிற்றில் உதைத்தான். இரும்புக் கரண்டியால் அவள் தோளில் மூன்று அடி.

"நல்ல மட்டினு சொல்லு! எல்லாரும் கேக்க சொல்லு!"

சொல்லியிருந்தால் விட்டிருப்பான். அவள் ரசச் சட்டியை அவன் காலில் கவிழ்த்தாள். அலறி விழுந்தவனின் மார்பில் முட்டியை ஊன்றி, மட்டிக் கத்தியால் அவன் மட்டி ஒன்றைப் பிளந்தாள். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. கத்தி முனையிலேயே அதை அவன் உதட்டில் வைத்தாள்.

"நல்ல மட்டிதானே நைனா? துன்னு."

அவன் பல்லைக் கடித்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது, வாய் திறக்கவில்லை.

தூக்குச்சட்டியோடு நின்ற எதிர்வீட்டு ரஹீமுன்னிசா சிரித்துவிட்டாள். "வாய தொறக்காத மட்டிய இன்னா பண்ணுவ ஆன்சி? தூக்கிப் போடு!"

தெருவே சிரித்தது. ஃப்ரெடி நொண்டிக்கொண்டே போனான்.

தங்கைக்கு ஏழு தையல். அன்று மதியமே மீன்பிடித் துறைமுகம் போய் அவளே பொறுக்கி எடுத்தாள். கிறிஸ்துமஸ் காலை பத்து மணிக்குள் சட்டி காலி.